மாட்சிமை தங்கிய எக்ஸ்எஸ்எல்டி அவர்களுக்கு ஆட்டையாம்பட்டி சமர்ப்பிக்கும் வாழ்த்து மடல்

கோண அடைப்புக்குறிகளின் கோமானே! எக்ஸ்எம்எல் என்னும் தரவுக் கடலைக் கடைந்து எச்டிஎம்எல் என்னும் அமுதெடுத்து வையத்துக்கு வார்த்த வள்ளலே! சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, கைமுறுக்கையும் விசைத்தறியையும் நம்பிப் பிழைக்கும் இந்தச் சிற்றூர் தங்கள் திருவடியில் எங்கள் பாராட்டைப் பணிவோடு வைக்கிறது. தங்கள் பெருமையை முழுதும் எடுத்துரைக்க எங்களுக்கு நாவன்மை போதாது. இருந்தாலும் தங்களால் எங்களுக்கு வாய்த்த அனுபவம் போதுமான அளவுக்கு மேலேயே இருப்பதால் துணிந்து எழுதுகிறோம்.

தங்களை அறியாத பாமரரும் உண்டு என்பதால் முதலில் தங்கள் திருப்பணி என்ன என்று அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு முறுக்குக் கடையின் சரக்குப் பட்டியல் எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கிறது. சரக்கின் பெயர் ஒரு டேக்குக்குள், எத்தனை பாக்கெட் என்பது இன்னொன்றுக்குள், விலை மற்றொன்றுக்குள். கணினிக்குப் புரியும், வாடிக்கையாளருக்குப் புரியாது. அதை அட்டவணையாக, தலைப்போடு, பிரவுசரில் பார்க்கும்படி எச்டிஎம்எல்லாக மாற்ற வேண்டும். இந்த எளிய காரியத்தை எவரும் எளிதாக முடித்துவிட்டுத் தறுதலையாகத் திரியக் கூடாது என்ற பெருங்கருணையால், தாங்கள் ஸ்டைல்ஷீட் வடிவில் அவதாரம் எடுத்தீர்கள். கோப்பின் தலையில் தங்கள் முகவரியை ஒரே ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும். மிச்சத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள். நாங்களும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

தங்கள் பிறப்பே ஓர் அதிசயம். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரை ஆயிற்று. ஜேம்ஸ் கிளார்க் அவர்கள் தொகுத்த தங்கள் 1.0 பதிப்பு 1999 நவம்பர் 16 அன்று வெளிவந்தது. ஆனால் தங்கள் பட்டாபிஷேகமோ அதே ஆண்டு மார்ச்சிலேயே நடந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல், முடிவாகாத வரைவு ஒன்றை வைத்துக்கொண்டு தங்களை அரியணையில் ஏற்றியது. பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே முடிசூடிய வேந்தரை எந்த மெய்க்கீர்த்தியும் பாடியதில்லை. டேக்குகள் எந்த மொழிக்குரியவை என்று காட்டும் முகவரியான பெயர்வெளி வரைவுக்கு ஒன்று, வளர்ந்து முடிந்த மேனிக்கு வேறொரு பெயர்வெளி. ஒரே வேந்தருக்கு இரண்டு முகவரி. எதற்கு எழுதினால் மடல் போய்ச் சேரும் என்று தெரியாமல் புத்தாயிரம் பிறந்த காலத்தில் உலகெங்கும் நிரல் எழுதுவோர் தவமிருந்தார்கள். தவத்தைக் கற்பித்தது தாங்களே.

தங்கள் உடையலங்காரம் அடுத்தது. தரவு எக்ஸ்எம்எல். அதை மாற்ற வந்த தாங்களும் எக்ஸ்எம்எல். நோயாளியின் உடையையே மருத்துவரும் அணிந்திருக்கும் இந்தச் சமத்துவம் வேறெந்த மொழிக்கும் வாய்க்காதது. விலை அறுபதுக்குக் குறைவா என்று கேட்க மற்ற மொழிகளில் ஒற்றைக் குறி போதும். தங்கள் அவையில் அந்தக் குறி மரியாதைக் குறைவு. ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று நான்கு எழுத்தால் அதை வணங்கி அழைக்க வேண்டும். ‘இஃப்’ உண்டு, ‘எல்ஸ்’ கிடையாது. ஆம் என்றால் என்ன செய்வது என்று தாங்கள் கேட்டருள்வீர்கள். இல்லை என்றால் என்ன செய்வது என்ற அபசகுனப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதையும் பேசித்தான் தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் அற்பர்களுக்காக ‘சூஸ்’, அதற்குள் ‘வென்’, அதற்கருகில் ‘அதர்வைஸ்’ என்று மூன்று அடுக்கு மாளிகை எழுப்பித் தந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து மாவைக் கைவிரலால் சுற்றிச் சுற்றி முறுக்காக்குவார்கள். அதில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒரு குழந்தையும் விரல் வைத்துக் காட்டிவிடும். அந்தக் குறையைத் தங்கள் சுற்றலில் நாங்கள் கண்டதில்லை.

ஆனால் உடையும் மாளிகையும் யாருக்கும் வாய்க்கும். தங்களைத் தேவரினத்தில் சேர்ப்பது தங்கள் மௌனம்.

மற்ற மொழிகள் அற்பமானவை. எழுதியவன் தவறு செய்தால், இந்த வரியில் பிழை என்று ஊரைக் கூட்டிக் கத்திவிடும். தாங்கள் ஒருவரையும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. டேக்கின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதா? தாங்கள் கடிந்துகொள்வதில்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போய்விடுகிறீர்கள். சரக்குக் கோப்பின் முதல் டேக்கில் ஒரு பெயர்வெளி அறிவிப்பு இருந்து, ஸ்டைல்ஷீட் எழுதியவர் அதைக் கவனிக்கவில்லையா? எந்த டேக்கை எப்படி மாற்றுவது என்று பெயர் சொல்லி அவர் எழுதிய அத்தனை டெம்ப்ளேட்டும் ஒன்றோடும் பொருந்தாது. அப்போதும் தாங்கள் வாய் திறப்பதில்லை. பொருந்தாத உறுப்புகளின் உள்ளே இருக்கும் எழுத்தையெல்லாம் அப்படியே கொட்டிவிடும் விதி ஒன்றைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். கோப்பு இடைவெளி விடாமல் எழுதப்பட்டதென்றால், ‘கைமுறுக்கு4055எள்ளுமுறுக்கு2560’ என்று திரையில் ஒரு தரிசனம் கிடைக்கும். நாற்பது பாக்கெட், பாக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய் என்று அதைப் படித்துக்கொள்ளும் ஞானம் வாடிக்கையாளருக்கு இல்லையென்றால் அது தங்கள் குற்றமா?

இந்த மௌனத்தின் உச்சத்தை விலைச்சீட்டில்தான் கண்டோம். கைமுறுக்கு 40 பாக்கெட், ஒன்று 55 ரூபாய்: 2,200. எள்ளு முறுக்கு 25 பாக்கெட், ஒன்று 60 ரூபாய்: 1,500. ஆக 3,700 ரூபாய். கணக்கு எழுதும் தம்பி, எல்லாச் சரக்கின் எண்ணிக்கையையும் எல்லாச் சரக்கின் விலையோடு பெருக்கு என்று தங்களிடம் விண்ணப்பித்தார். தாங்கள் முதல் எண்ணிக்கையை மட்டும் எடுத்து, முதல் விலையோடு மட்டும் பெருக்கி, 2,200 என்று அருளினீர்கள். எள்ளு முறுக்கு இலவசம் ஆயிற்று. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. “அண்ணா, கணக்குல ஆயிரத்தைந்நூறு இடிக்குதுங்க” என்று அந்தத் தம்பிதான் வந்து சொன்னார். தாங்கள் சொல்லியிருக்கலாமே என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. பலவற்றைக் கேட்டால் முதலாவதை மட்டும் கொடு என்பது தங்கள் 1.0 நூலில் எழுதப்பட்ட அறம். அறம் வழுவாத செங்கோல் அது.

பெருக்கியதையெல்லாம் கூட்டிக் கொடு என்று ‘சம்’ என்னும் தங்கள் கூட்டல் மந்திரத்திடம் நேரே கேட்டால் அது மறுத்துவிடும். ஏற்கெனவே கோப்பில் உட்கார்ந்திருக்கும் எண்களைத்தான் அது கூட்டும். அப்போதே பெருக்கிப் பெற்ற எண்களை அது தீண்டாது. சரி, ஒரு மாறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சரக்காகச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்றால், தங்கள் மாறி மாறாது. ஒருமுறை மதிப்புக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அரிச்சந்திரன்கூடக் காட்டில் ஒரு கணம் தடுமாறியிருப்பான், தங்கள் மாறி தடுமாறாது. ஆகவே ஒரு டெம்ப்ளேட் தன்னைத் தானே அழைத்து, முதல் சரக்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தன்னிடமே மறுபடி கொடுத்து, அந்த மிச்சத்தின் மிச்சத்தை மறுபடி தன்னிடமே கொடுத்து, பட்டியல் தீர்ந்தபின் திரும்பி வர வேண்டும். இரண்டு வகை முறுக்கின் விலையைக் கூட்டுவதற்கு இவ்வளவு ஆழமான ஆன்ம விசாரணையைக் கோரிய கணக்கப்பிள்ளை தமிழ்நாட்டு வணிக வரலாற்றில் இருந்ததில்லை.

எண்ணிக்கை என்ற டேக்கில் ‘40’ என்று எழுதாமல் ‘40 பாக்கெட்’ என்று யாராவது எழுதிவிட்டால் மட்டும் தாங்கள் வாய் திறப்பீர்கள். அதுவும் வாடிக்கையாளரிடம் நேரடியாக. மொத்தத் தொகை வர வேண்டிய இடத்தில், ‘எண் அல்ல’ என்பதன் சுருக்கமாக, ‘என்ஏஎன்’ என்று மூன்று ஆங்கில எழுத்து. செலுத்த வேண்டிய தொகை ரூபாய் என்ஏஎன் மட்டும். வாடிக்கையாளர் அதைச் செலுத்தத் தயாராகவே இருந்தார்.

ஊர்வாரியாக விற்பனையைப் பிரித்துக் காட்டும் கலையைப் பற்றியும் ஒரு சொல். ராசிபுரத்துக்குப் போனது தனியாக, திருச்செங்கோட்டுக்குப் போனது தனியாகத் தொகுத்துக் காட்டுவது எந்தச் சிட்டை நோட்டும் செய்யும் வேலை என்பதாலோ என்னவோ, தங்கள் 1.0 மேனியில் அதற்கு வழியே வைக்கவில்லை. ஆரக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் முயன்க் என்பவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். முதலில் எல்லா வரிகளுக்கும் ஊர்ப்பெயரால் ஒரு சாவி செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியிடமும் போய், உன் அடையாள எண்ணும், இதே சாவியைக் கொடுத்தால் முதலில் வெளிவருபவரின் அடையாள எண்ணும் ஒன்றா என்று கேட்க வேண்டும். ஒன்றென்று சொல்பவர்தான் அந்த ஊரின் முதல் பிரதிநிதி. இந்த முறைக்கு அவர் பெயரையே சூட்டி உலகம் கௌரவித்தது. எளிய வேலை ஒன்றைச் செய்து காட்டியவருக்குப் புகழ் கிடைக்கும்படி அதை அரிதாக்கி வைத்த தங்கள் கொடைத்திறம்தான் அதிலும் பெரிது.

இன்றைய தேதியை விலைச்சீட்டில் போட விரும்பினோம். தங்களுக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. காலத்தைக் கடந்தவருக்குத் தேதி எதற்கு?

வெள்ளைப் பக்கம் என்னும் வரத்தையும் மறக்க மாட்டோம். கடைக்காரர் கோப்பைத் தன் கணினியிலேயே வைத்து இரண்டு முறை தட்டித் திறந்தால், குரோமில் தூய வெண்மை ஒன்று தோன்றும். பாதுகாப்பு கருதி, வன்தட்டிலிருந்து திறக்கும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட்டை அது பொருத்தாது. “அண்ணா, பக்கம் வெள்ளையா நிக்குதுங்க” என்ற குரல் கேட்கும்போதெல்லாம் தங்கள் நினைவு வருகிறது. இன்னொரு வெண்மையும் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாத ஸ்கிரிப்ட் டேக்கை, எக்ஸ்எம்எல் முறைப்படி தனக்குள்ளேயே மூடிக்கொண்ட வடிவில் தாங்கள் எழுதி வைத்தால், எச்டிஎம்எல்லாகப் படிக்கும் பிரவுசர் அது மூடப்படவே இல்லை என்று கருதி அதற்குப் பின்னால் வரும் பக்கம் முழுவதையும் விழுங்கிவிடும். வெளியீட்டு முறை எச்டிஎம்எல் என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம். அந்த ஒரு வரியைத் தேடும் பணியில்தான் எத்தனை இளைஞர்களின் இரவுகளுக்குத் தாங்கள் பொருள் கொடுத்திருக்கிறீர்கள்!

இனித் தங்கள் கமாவைப் பாடுகிறோம். எங்கள் ஊரில் ஒன்றேகால் லட்சத்தை 1,25,000 என்று எழுதுவார்கள். கடைசி மூன்று இலக்கத்துக்கு ஒரு கமா, பிறகு இரண்டிரண்டாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அப்படித்தான் போடும். தங்கள் எண் அலங்கார மந்திரத்திடம் 1,25,000 போன்ற வடிவத்தைத் தெளிவாக வரைந்தே காட்டினாலும், கடைசிக் கமாவுக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, 125,000 என்று எழுதுவீர்கள். நடுவில் நாங்கள் வைத்துக் காட்டிய கமா தங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜாவா மொழியின் 1.1 பதிப்பில் எண்களை அலங்கரித்த முறையைத் தங்கள் நூல் அப்படியே ஏற்றுக்கொண்டதால் வந்த சீர் இது. நூறு கோடிப் பேரின் லட்சமும் கோடியும் ஓர் இரவல் விதிக்குள் அடங்கிவிட்டன. அடக்கம் அமரருள் உய்க்கும் அல்லவா?

தாங்கள் விட்டுக்கொடுக்காதவர் என்று எவரும் சொல்ல முடியாது. கமாவை எங்கள் முறைப்படி வைக்க முடியாதே தவிர, கமாவுக்குப் பதில் வேறு எந்தக் குறியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. என்ஏஎன் என்பதை எப்படி எழுதலாம் என்று எங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். முடிவிலியை எப்படி எழுதுவது என்றும் சொல்லலாம். ஆட்டையாம்பட்டிக் கடையின் தினசரி விற்பனை முடிவிலியைத் தொடும் நாளுக்காக இவ்வளவு முன்யோசனை. பூஜ்யத்துக்குத் தமிழ்ப் பூஜ்யத்தைக் கொடுத்தால் எண்ணெல்லாம் தமிழ் எண்ணாகிவிடும் என்று நூல் சொல்கிறது. ஆக ௧௨௫,௦௦௦ என்று தமிழிலேயே ஆயிரக் கணக்கில் கமா போட்டுக்கொள்ளும் பெருமை எங்களுக்கு உண்டு. வரிசை எண் போடுவதற்குத் தாய்லாந்து எண்களை உதாரணமாகவே தங்கள் நூல் எடுத்துக் காட்டுகிறது. கிழக்கே பாங்காக் வரை தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். வழியில் கிடந்த எங்களைப் பார்க்கவில்லை என்பதால் பார்வையில் குறை என்று ஆகிவிடாது.

இவ்வளவுக்கும் மருந்து தங்களிடமே இருந்தது என்பதுதான் எங்களை மெய்சிலிர்க்க வைக்கிறது. 2007 ஜனவரி 23 அன்று மைக்கேல் கே அவர்கள் தொகுத்த தங்கள் 2.0 பதிப்பு வெளிவந்தது. அதில் ஊர்வாரியாகப் பிரிக்க ஒரே ஒரு கட்டளை. பெருக்கிக் கூட்ட ஒரே வரி. இன்றைய தேதி உண்டு. 1,25,000 என்று நாங்கள் வரைந்து காட்டினால் அப்படியே கமா விழும். 2017 ஜூன் 8 அன்று 3.0 வந்தது, இன்னும் வலிமையோடு. இந்தப் பேராயுதங்களை எந்தப் பெரிய பிரவுசரும் தன் உள்ளே ஏற்றுக்கொள்ளவில்லை. சர்வரில் சாக்சன் போன்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளும் வசதி படைத்தவர்கள் தொட்டுப் பார்க்கலாம். பிரவுசரை மட்டும் நம்பியிருக்கும் கடைக்கு 1999-தான். எங்களுக்கு வடக்கே தகடூரில் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து, கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன என்பார்கள். அவனுக்குப் பகைவனான தொண்டைமானின் படைக்கலங்களோ நெய் பூசி, பீலி சூட்டி, காவல் மாளிகையில் ஒரு கீறல் இல்லாமல் ஒளிர்ந்தன. ஔவையார் அதைக் கண்டு வியந்து பாராட்டினார். தங்கள் 2.0-ஐயும் 3.0-ஐயும் கண்டு நாங்களும் அவ்வாறே பாராட்டுகிறோம்.

தங்களைச் சுமந்தவர்களையும் இந்த மடலில் வாழ்த்தாவிட்டால் நன்றி மறந்தவர்களாவோம். குரோமிலும் சஃபாரியிலும் தாங்கள் எழுந்தருளியிருப்பது லிப்எக்ஸ்எஸ்எல்டி என்னும் பல்லக்கில். உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்கள் ஏறி அமர்ந்த அந்தப் பல்லக்கை ஊதியமில்லாத தன்னார்வலர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். பாதுகாப்புக் குறைகளை உலகம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க, நிக் வெல்ன்ஹோஃபர் என்பவர் அவற்றை அடைத்துக்கொண்டே இருந்தார். 2025-ல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். தோள் கொடுத்தவருக்குக் கூலி கொடுப்பதைவிடப் பல்லக்கையே நிறுத்திவிடுவது சிக்கனம் என்று செல்வந்தர்கள் கண்டறிந்தார்கள். 2026 நவம்பரில் வரும் பதிப்போடு பிரவுசரில் தங்கள் சேவையை முடித்துவைப்பதாகக் குரோம் அறிவித்தது. நவம்பரில் பிறந்து நவம்பரிலேயே விடைபெறும் ஒழுங்குக்காகவும் தங்களைப் போற்ற வேண்டும். நிர்வாகக் கொள்கையால் தனி அனுமதி பெற்றுக்கொள்ளும் பெருநிறுவனங்களின் கணினியில் தாங்கள் இன்னும் சில மாதம் வீற்றிருப்பீர்களாம். கடைசி வரை உடனிருக்கும் பேறு பெரியவர்களுக்கே உரியது என்பதை நாங்கள் அறிவோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். கணக்கு எழுதும் அந்தத் தம்பி, தங்கள் விடைபெறும் செய்தி எட்டியதும், பொறுமையிழந்து, சரக்குப் பட்டியலை எச்டிஎம்எல்லாகத் தன் கையாலேயே தட்டச்சு செய்துவிட்டார். தலைப்பு, இரண்டு வரிசை, மொத்தம் 3,700, அன்றைய தேதி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் மொத்த விற்பனைக்கு நேரே லட்சத்துக்கான கமாவையும் அவரே, யாரிடமும் கேட்காமல், வைத்துவிட்டார். சிறுவயது. தங்கள் அருளின்றி நிகழ்ந்துவிட்ட இந்த அத்துமீறலை மன்னித்தருள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் பாதசேவையில் பழகிப்போன
ஆட்டையாம்பட்டிக் கடைவீதியார்